சிவப்பு எச்சரிக்கை நாளில் பேர் விழுமா?

2014 ஒக்டோபர் 29. பதுளை மாவட்டத்துக் கொஸ்லந்தை மீரியபெத்தையில் பிள்ளைகள் பாடசாலைக்குப் போன பிறகு, ஏழரை மணி கடந்த வேளையில் மலை சரிந்து லயங்களை மூடியது. மாலையில் திரும்பிப் போக வீடில்லாத பிள்ளைகள் இருந்தார்கள். சிலருக்குத் தாய் தகப்பனும் இல்லை.

அந்த மலை சரியக்கூடும் என்பது தெரியாத விஷயமல்ல. பதுளை, நுவரெலியா மாவட்டங்களுக்கு மண்சரிவு அபாய வரைபடம் தயாரிக்கும் வேலை 1990 இலேயே தொடங்கிவிட்டது. மீரியபெத்தை மக்கள் வெளியேற வேண்டும் என்று தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் 2005 இல் சொன்னது, பிறகும் சொன்னது. ஆனால் எங்கே போவது? லயன் காம்பரா தொழிலாளியின் பெயரில் இல்லை, காணியும் இல்லை. தப்பியவர்களுக்கு மாகல்தெனியவில் 75 வீடுகள் கிடைக்க 2016 வரை ஆனது.

இந்த இடத்துக்குத்தான் இப்போது செயற்கை நுண்ணறிவு வருகிறது. அது செய்வது இதுதான்: முன்பு எங்கெங்கே சரிந்தது, அங்கே சாய்வு எவ்வளவு, மண் எப்படிப்பட்டது, ஓடை எவ்வளவு தூரம், எத்தனை மில்லிமீற்றர் மழை பெய்தது என்ற தரவுகளைக் கொடுத்தால், கணினி அவற்றின் போக்கைப் பிடித்துக்கொண்டு அடுத்த ஆபத்து எந்தச் சரிவில் என்று கணிக்கும். பதுளை மாவட்டத் தரவுகளைக் கொண்டே ஆய்வாளர்கள் இப்படிச் செய்து பார்த்திருக்கிறார்கள். மழையைக் கணிப்பதிலும் இதே கதைதான். ஐரோப்பிய வானிலை மையம் 2025 பெப்ரவரியில் செயற்கை நுண்ணறிவு மாதிரியை அன்றாடப் பாவனைக்குக் கொண்டுவந்துவிட்டது.

நம் நாட்டில் இன்று நடைமுறையில் உள்ள கணக்கு எளிமையானது. 24 மணித்தியாலத்தில் 75 மில்லிமீற்றர் மழை என்றால் விழிப்பு, 100 என்றால் வெளியேறத் தயார், 150 என்றால் வெளியேறு, அதுதான் சிவப்பு எச்சரிக்கை. ஒரே மணித்தியாலத்தில் 75 பெய்தாலும் வெளியேற வேண்டியதுதான். புதிய கருவிகள் இதை இடத்துக்கு இடம் நுணுக்கமாகச் சொல்லலாம். சொல்லட்டும், நல்லது. அதற்குப் பிறகு நடப்பதுதான் சிக்கல்.

காலை பிரட்டை நினைத்துப் பாருங்கள். துரையின் கைபேசியில் மேல்கணக்கு மலைக்குச் சிவப்பு காட்டுகிறது. கொங்காணியைப் போர்த்தியபடி பெண்கள் நிற்கிறார்கள். திருப்பி அனுப்பினால் அன்றைக்குப் பேர் விழுமா, அதாவது நாள் சம்பளம் பதியப்படுமா, அரைப் பேரா, ஒன்றுமே இல்லையா? மலை சரியாவிட்டால் மேலிடத்துக்குப் பதில் சொல்ல வேண்டியவரும் துரைதான். ஒருமுறை சிவப்பு பொய்த்துவிட்டால் அடுத்த முறை தயங்குவார். அவரைக் குறை சொல்லிப் பயனில்லை. சிவப்பு எச்சரிக்கை நாளில் வேலை நிறுத்தினால் முழுப் பேர் போடப்படும் என்று கம்பனி முன்கூட்டியே எழுத்தில் கொடுக்காத வரை, எவ்வளவு கெட்டிக்காரக் கணினி வந்தாலும் கொழுந்துக் கூடை மலை ஏறத்தான் செய்யும்.

மொழிச் சிக்கலும் இருக்கிறது. 2025 நவம்பரில் டித்வா புயல் பதுளை மாவட்டத்தைக் கடுமையாகத் தாக்கியபோது, எச்சரிக்கைகள் தமிழில் உரிய நேரத்தில் வரவில்லை என்ற முறைப்பாடு எழுந்தது. சிங்களத்திலிருந்தும் ஆங்கிலத்திலிருந்தும் தமிழுக்கு மாற்றும் வேலையைக் கணினி இன்று நொடியில் செய்யும். அனுப்பும் முன் ஒரு தமிழர் படித்துப் பார்க்க வேண்டும், அவ்வளவே. வரைபடத்தைவிட முதலில் வரவேண்டிய செயற்கை நுண்ணறிவு இது என்பது என் கட்சி.

இன்னொன்று, கணினிக்கு முன்பே தெரிந்துகொள்பவர்கள் மலையில் இருக்கிறார்கள். பீலித் தண்ணீர் திடீரெனக் கலங்கும், அல்லது நின்றுபோகும். நேற்று இல்லாத இடத்தில் ஊற்று கிளம்பும். காம்பராச் சுவரில் வெடிப்பு விரியும், மரம் சாயும். இவையெல்லாம் மண்சரிவின் முன்னறிகுறிகள் என்பதை நிபுணர்களும் சொல்கிறார்கள். கொழுந்தெடுக்கும் பெண் இதைக் கண்டால் கங்காணியிடம் சொல்வாள். கங்காணி யாரிடம் சொல்வார், அது எங்கே பதிவாகும்? அந்தப் பதிவு கணினிக்குப் போய்ச் சேர்ந்தால்தான் அதன் கணிப்பும் கூர்மையாகும்.

இது நம் மலைகளின் கதை மட்டுமல்ல. கேரளத்தின் மூணாறு பெட்டிமுடியில் 2020 ஓகஸ்ட் 6 இரவு தேயிலைத் தோட்டக் குடியிருப்பு மண்ணுக்குள் போனபோது 70 பேர் இறந்தார்கள். அவர்களும் பெரும்பாலும் தமிழ்த் தொழிலாளர் குடும்பங்கள்தான்.

அடுத்த ஒக்டோபர் மழைக்கு முன் உங்கள் தோட்டத்தில் மூன்று விஷயங்களைக் கேட்டு வையுங்கள்: மழைமானி எங்கே இருக்கிறது, இரவில் அதைப் பார்ப்பது யார், வெளியேறச் சொன்னால் எந்தக் கட்டடத்துக்குப் போவது. அனர்த்த முகாமைத்துவ நிலையத்தின் அவசர இலக்கம் 117.