சாதாரண நிகழ்காலமும் செய்யும் என் முற்றும்

ஆங்கில இலக்கணத்தார் சாதாரண நிகழ்காலம் என வழங்கும் வினைவடிவம், பெயரால் நிகழ்காலமே ஆயினும், பேசும் கணத்தில் நடைபெறும் செயலைப் பெரும்பாலும் குறிப்பதில்லை. அதற்குத் தொடர் நிகழ்காலம் என வேறொரு வடிவம் அம்மொழியில் உண்டு. வழக்கம், இயற்கை, நிலைத்த உண்மை, கால அட்டவணைப்படி நிகழ இருப்பது ஆகியவற்றையே முன்னது உணர்த்தும். இதனைத் தமிழாக்குவோர் பலர் எல்லா இடத்தும் 'கிறு' இடைநிலை பெற்ற வினையையே ஆளுகின்றனர். இது பொருந்துமா என ஈண்டு ஆராய்வோம்.

முக்காலத்தும் ஒரு தன்மையவாய்த் தோன்றும் இயற்கையை நிகழ்காலத்துப் பொதுச்சொல்லாற் கூறுதல் வேண்டும் என்பது தொல்காப்பிய வினையியல் விதி. அச்சொல் 'செய்யும்' என்னும் முற்று என்பர் சேனாவரையர் முதலிய உரையாசிரியர். நன்னூலாரோ அத்தகைய பொருளை நிகழ்காலத்தாற் கூறுவர் எனப் பொதுப்பட மொழிந்தார். ஆநின்று, கின்று, கிறு என்பவற்றை அவர் நிகழ்கால இடைநிலைகளாக ஓதுதலின், 'மலை நிற்கும்' என்பதோடு 'மலை நிற்கின்றது' என்பதும் அவர் விதிக்கு இயையும்.

எனினும், இவ்விரு வடிவும் எங்கும் ஒரு பொருளன அல்ல. வாலாஜாபாத்தை அடுத்துள்ள பாலாறு ஆண்டின் பெரும்பகுதி மணற்பரப்பாகவே கிடப்பது. 'பாலாறு வங்கக் கடலிற் கலக்கும்' என்பது நீரற்ற கோடையிலும் மெய்யே. 'கலக்கிறது' என்றால், இப்போது நீர் ஓடுகிறதோ என்னும் ஐயம் எழும். செங்கற்பட்டு – அரக்கோணம் பாதையிலுள்ள அவ்வூர் நிலையத்தில் வண்டி எப்போது வரும் என்று வினவுவார்க்கு, 'ஏழு மணிக்கு வரும்' என்பதே இயல்பான விடை. ஆங்கிலம் அங்கும் சாதாரண நிகழ்காலத்தை ஆளும்.

மற்றொரு சான்றும் உண்டு. அறிதல், விரும்புதல், வேண்டுதல் ஆகிய நிலைகளைக் குறிக்கும் ஆங்கில வினைகள் தொடர் நிகழ்காலத்தைப் பெரும்பாலும் ஏலா. அவற்றுக்கு நிகராகத் தமிழர் நாள்தோறும் வழங்குவன 'தெரியும்', 'பிடிக்கும்', 'வேண்டும்' என்பன. மூன்றும் செய்யும் என் வாய்பாட்டினவே. 'எனக்குத் தெரியும்' என்பது அறிவு. 'எனக்குத் தெரிகிறது' என்பது இக்கணத்துக் காட்சி அல்லது உணர்வு.

இவ்வேறுபாடு ஏட்டளவில் நிற்பதன்று. வாலாஜாபாத்திலிருந்து ஒரகடம், திருப்பெரும்புதூர் வரை ஆலைகள் பெருகியுள்ள இந்நாளில், ஆங்கில எச்சரிக்கைகள் தமிழில் எழுதப்பட வேண்டியுள்ளன. 'இயந்திரக் கை முன்னறிவிப்பின்றி நகர்கிறது' என்று எழுதினால், அசையாது நிற்கும் கையைக் காணும் தொழிலாளி, அவ்வெச்சரிக்கை அப்பொழுதைக்கு உரியதன்று எனக் கருத இடமுண்டு. 'முன்னறிவிப்பின்றி நகரும்' என்றால், நிற்கும் கையும் எந்நேரமும் நகரக்கூடியது என்பது விளங்கும். இங்கே இடைநிலையைத் தேர்ந்துகொள்வது உயிர்க்காப்புப் பற்றியதாகிறது.

செய்யும் என் முற்றுக்கு எல்லையும் உண்டு. தன்மை, முன்னிலை, பலர்பால் ஆகியவற்றில் அது வாராது. அவ்விடங்களில், 'தொழிலாளர் நாள்தோறும் ஏழு மணிக்கு வருவர்' என்பதுபோல, எதிர்கால வடிவமே வழக்கத்தை உணர்த்தும். மேலும், செய்யும் என்பது எதிர்காலத்துக்கும் உரியதாகலின், மயக்கம் நேருமிடத்து 'எப்போதும்', 'ஒவ்வொரு முறையும்' போன்ற சொற்களைச் சேர்த்தல் தகும்.

ஆகவே, மொழிபெயர்ப்போர் காலத்தின் பெயரை நோக்காது, அது குறிக்கும் பொருளை நோக்குதல் வேண்டும். கணத்து நிகழ்ச்சிக்குக் 'கிறு' உரியது; இயற்கைக்கும் நிலைத்த உண்மைக்கும் 'செய்யும்' சிறப்புடையது என்பதே எம் துணிபு.