திருவாலங்காட்டுக்கும் எழும்பூருக்கும் இடையே: கல்லூரி மாணவர்களின் அருங்காட்சியக வருகை – திருநின்றவூரை முன்வைத்து

ஆய்வுச்சுருக்கம்

கல்லூரி, பல்கலைக்கழக மாணவர்கள் மேற்கொள்ளும் அருங்காட்சியக வருகை பல வேளைகளில் சுற்றுலாவாகவே முடிந்துவிடுகிறது. ஒரு படிமம் கோயிலில் காட்டுவதும் காட்சிக்கூடத்தில் காட்டுவதும் வேறுவேறானவை. இவ்விரண்டையும் இணைத்துக் காணும்போதே வருகை பாடமாகிறது என்பதைச் சென்னை அரசு அருங்காட்சியகத்திலுள்ள திருவாலங்காட்டு நடராசர் படிமத்தைக் கொண்டு இக்கட்டுரை விளக்குகிறது. திருநின்றவூர்ப் பகுதிக் கல்லூரிகளுக்கு ஏற்றதொரு நடைமுறையையும் முன்வைக்கிறது.

திறவுச்சொற்கள்: அருங்காட்சியகக் கல்வி, செப்புத் திருமேனி, திருவாலங்காடு, திருநின்றவூர், பூசலார்.

முன்னுரை

சென்னை மக்கள் எழும்பூர் அருங்காட்சியகத்தைச் ‘செத்த காலேஜ்’ என்றும் விலங்குக் காட்சிசாலையை ‘உயிர் காலேஜ்’ என்றும் வழங்கி வந்தனர். எட்வர்டு பால்ஃபர் பொறுப்பில் 1851இல் தொடங்கப்பட்ட அருங்காட்சியகத்திற்கு ஏற்பட்ட இவ்வழக்கில் கேலி உண்டு. எனினும் ‘காலேஜ்’ என்னும் சொல்லும் அதில் இருக்கிறது. இன்று கல்லூரி மாணவர்கள் அங்குச் செல்லும்போது அவ்விடம் கல்விக்கூடமாக அமைகிறதா என்பதே இக்கட்டுரையின் வினா. அமராவதிச் சிற்பங்கள், செப்புத் திருமேனிகள், நாணயங்கள், விலங்கியல் கூடம் அனைத்தையும் அரைநாளில் கடந்துவரும் மாணவர் எதையும் கண்டவராகார். ஒரு பொருளை முழுமையாகக் காண்பதற்கான பயிற்சியே அவருக்குத் தேவைப்படுகிறது.

கோயிற் படிமமும் காட்சிக்கூடப் படிமமும்

சோழர் காலச் செப்புத் திருமேனிகள் பெரும்பாலும் உலாவுக்கென வார்க்கப்பட்டவை. மெழுகால் உருவமைத்து, அதன்மேல் மண் பூசிச் சுட்டு, மெழுகு உருகி வெளியேறிய வெற்றிடத்தில் உலோகத்தை ஊற்றும் முறையில் அவை கனமாக வார்க்கப்பட்டன. அச்சில் உருகிப்போகும் மெழுகுரு மீண்டும் கிடைக்காது. ஆதலால் ஒவ்வொரு படிமமும் தனிப்படைப்பு. பீடங்களில் காணப்படும் துளைகளும் வளையங்களும் திருமேனியைத் தண்டுகளில் பிணைத்துத் தூக்கிச் செல்வதற்கானவை.

கோயிலில் இத்திருமேனி பட்டும் மாலையும் அணிகலனும் சூடி, விளக்கொளியில், பெரும்பாலும் முகம் மட்டும் தெரிய நிற்கிறது. சிற்பி செதுக்கிய தோள்வளையும் இடைக்கட்டும் அங்கு மறைந்துவிடுகின்றன. காட்சிக்கூடத்தில் அவை முழுமையாகத் தெரிகின்றன. ஆனால் உலாவும் இசையும் வழிபாடும் அங்கில்லை. கோயில் மறைப்பதைக் காட்சிக்கூடம் காட்டுகிறது; காட்சிக்கூடம் இழந்ததைக் கோயில் காக்கிறது. ஒன்றை மட்டும் கண்டவர் பாதியே கண்டவராவார்.

1878ஆம் ஆண்டுப் புதையற் சட்டத்தின்வழி அரசுக்கு வந்த பல படிமங்கள் இவ்வருங்காட்சியகத்தை அடைந்தன. ஆகவே பெயர்ப்பலகையில் சிறிய எழுத்தில் உள்ள ஊர்ப்பெயரை ஒரு தகவலாக மட்டும் கொள்ளாமல், அப்படிமம் எங்கிருந்து பிரிந்து வந்தது என்பதற்கான சான்றாகவும் மாணவர் வாசித்தல் வேண்டும்.

நிழற்படத்தில் கண்ட ரொடான்

11ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த திருவாலங்காட்டு நடராசர் படிமம் திருவாசியின்றி, முயலகன்மீது ஊன்றிய காலும் தூக்கிய காலுமாக நிற்கிறது. பிரெஞ்சுச் சிற்பி அகஸ்ட் ரொடான் சென்னை அருங்காட்சியக நடராசர் படிமங்களின் நிழற்படங்களை மட்டுமே கண்டு 1913இல் ஒரு கட்டுரை எழுதினார். அவர் மறைவுக்குப் பின் 1921இல் அது அச்சேறியது. படிமத்தை நேரில் காணாத அவர், வாய், கண், கை, கால் என உறுப்பு உறுப்பாக நோக்கி எழுதினார். ஹார்வர்டு பல்கலைக்கழகக் கலைவரலாற்றுப் பேராசிரியர் ஜெனிஃபர் ராபர்ட்ஸ் தம் மாணவர்களை ஒரே ஓவியத்தின்முன் மூன்று மணிநேரம் அமரச் செய்வதும் இத்தகைய நிதானமான நோக்கை வளர்ப்பதற்கே.

திருநின்றவூரின் இருப்பிடம்

சென்னை–அரக்கோணம் புறநகர் இருப்புப்பாதையில் திருநின்றவூருக்குக் கிழக்கே சென்னை சென்ட்ரல், மேற்கே திருவாலங்காடு. படிமம் இருக்குமிடமும் அது புறப்பட்ட ஊரும் ஒரே தடத்தில் அமைந்திருப்பது இப்பகுதி மாணவர்க்கு எளிதில் வாய்த்த நலம். திருவாலங்காடு இரத்தினசபை, அங்கு இறைவன் ஆடுவது ஊர்த்துவ தாண்டவம். காரைக்கால் அம்மையாரின் மூத்த திருப்பதிகங்களுக்குரிய தலமும் அதுவே. ஆனால் எழும்பூரில் நிற்பதோ ஆனந்த தாண்டவப் படிமம். இவ்வேறுபாட்டை மாணவர் தாமே கண்டறிவாரானால் நல்லதோர் ஆய்வு வினா பிறக்கும். 1905இல் கண்டெடுக்கப்பட்ட, முதலாம் இராசேந்திரனின் திருவாலங்காட்டுச் செப்பேடுகளும் இதே அருங்காட்சியகத்தில் உள்ளன. பழையனூர் என்னும் ஊர் அக்கோயிலுக்கு வழங்கப்பட்டதை 31 ஏடுகள் கொண்ட அத்தொகுதி பதிவுசெய்கிறது. ஓர் ஊரின் சிற்பமும் ஆவணமும் ஒருங்கே கிடைப்பது இலக்கிய மாணவர்க்கும் வரலாற்று மாணவர்க்கும் பொதுவான களமாகும்.

உறுப்புறுப்பாக நோக்கும் பயிற்சிக்குத் திருநின்றவூரிலேயே ஒரு முன்மாதிரி உண்டு. பொருளின்றி மனத்துள்ளேயே கோயில் கட்டிய பூசலாரைப் பாடும் சேக்கிழார், அடிநிலை முதல் தூபி வரையும், பின்னர்க் கிணறு, மதில், குளம் என்றும் ஒழுங்குமுறையில் அக்கட்டுமானத்தை வளர்த்துச் செல்கிறார். காணாத கோயிலைக் கற்பவர் மனத்தில் எழுப்பும் அவ்வொழுங்கு, கண்முன் நிற்கும் படிமத்தை நோக்கவும் பயன்படும். இருதயாலீசுவரர் கோயிலை நாள்தோறும் கடந்துசெல்லும் மாணவர்க்கு இது அயலான முறையன்று.

நடைமுறை

முதற்கட்டம் வகுப்பறை. பெரியபுராணப் பூசலார் பகுதியையும் காரைக்கால் அம்மையார் பதிகங்களையும் கற்றபின், திருவாலங்காட்டுக் கோயிலை நேரில் கண்டு அலங்காரம், ஒளி, வழிபடுவோர் நிற்கும் தொலைவு ஆகியவற்றைக் குறித்துவருதல்.

இரண்டாம் கட்டம் காட்சிக்கூடம். அருங்காட்சியகத்திற்கு வெள்ளி விடுமுறை. சனிக்கிழமை ஏற்ற நாள். பத்துப் பேருக்கு மிகாத குழுவாகச் சென்று, ஒரே படிமத்தின்முன் ஒரு மணிநேரம் செலவிடல் வேண்டும். முதல் அரைமணி நேரம் ஆசிரியர் விளக்கம் கூறாதிருத்தல் நலம். மாணவர் வரைந்தும் எழுதியும் பதிவுசெய்யலாம்: உடலின் எடை எக்காலில் தங்குகிறது? சடை விரிந்துள்ளதா, முடிந்துள்ளதா? பின்புறம் எவ்வாறு முடிக்கப்பட்டுள்ளது? கைப்பேசியில் படமெடுப்பதை இறுதிக்கு ஒதுக்குதல் நன்று. எடுத்த படம் பார்த்த நிறைவைத் தந்துவிடும்.

மூன்றாம் கட்டம் எழுத்து. கோயிலில் கண்டதையும் காட்சிக்கூடத்தில் கண்டதையும் ஒப்பிட்டு நான்கு பக்கக் கட்டுரை எழுதுவித்து, அதனை அகமதிப்பீட்டு மதிப்பெண்ணில் சேர்த்தல் வேண்டும். மதிப்பீட்டில் இடம்பெறாத வருகை சுற்றுலாவாகவே நின்றுவிடும்.

முடிவுரை

தொலைநாட்டுச் சிற்பியொருவர் நிழற்படத்திலிருந்து கற்ற படிமத்தைத் திருநின்றவூர் மாணவர் புறநகர்த் தொடர்வண்டியில் சென்று நேரில் காண இயலும். அவ்வாய்ப்பு பயன்பட வேண்டுமாயின், காட்சிக்கூடங்களின் எண்ணிக்கையைக் குறைத்துக் காணும் நேரத்தைக் கூட்டுதல், படிமத்தை அதன் ஊரோடும் இலக்கியத்தோடும் சேர்த்துக் கற்பித்தல், கண்டதை எழுதச் செய்து மதிப்பிடுதல் ஆகிய மூன்றும் இன்றியமையாதவை. இவற்றுக்குப் பெருஞ்செலவு தேவையில்லை. பாடத்திட்டத்தில் இரு நாள்கள் ஒதுக்கப்பட்டால் போதும்.