மண் மாறினால் காளானும் மாறும்

பெங்களூரில் சித்திரை, வைகாசி இடிமழைக்கே காளான் தலைகாட்டத் தொடங்கிவிடும். ஐப்பசி மழை ஓயும்வரை அதன் காலம்தான். லால்பாக் புல்வெளி, ஜி.கே.வி.கே. வளாகத்து மரத்தடி, துரஹள்ளிக் காட்டுக் கறையான் புற்று, புறநகர்த் தைலமரத் தோப்பு என்று இடத்துக்கு இடம் வேறுவேறு வகை முளைக்கிறது. அவற்றைப் பார்க்கும் கண்களோ தருமபுரியிலும் மலைநாட்டிலும் ஒடிசாவிலும் அசாமிலும் காளான் பறித்துப் பழகியவை. "இது எங்க ஊர்லயும் முளைக்கும், சாப்பிடலாம்" என்று யாராவது சொன்னால், அந்தச் சொல்லில்தான் பெரிய ஆபத்து இருக்கிறது. காளானை அடையாளம் காணும் அறிவு, அது விளைந்த மண்ணையும் மரத்தையும் சார்ந்தது. ஊர் பெயர்ந்தவர்கள் அந்த அறிவை அப்படியே புது மண்ணில் பயன்படுத்த முடியாது. அங்கே மறுபடியும் முதலிலிருந்து கற்க வேண்டும்.

ஆஸ்திரேலியத் தலைநகர் கான்பெராவில் 2012 புத்தாண்டையொட்டி நடந்த துயரம் இதற்குச் சான்று. அங்கே பறித்த காளானைச் சமைத்து உண்டவர்களில் இருவர் ஈரல் செயலிழந்து இறந்தார்கள். இறந்தவர்களில் ஒருவர் சீனாவிலிருந்து வந்த தேர்ந்த சமையல்காரர். அவர் பறித்தது 'டெத் கேப்' எனப்படும் அமானிட்டா ஃபல்லாய்டஸ். ஆசியாவெங்கும் விரும்பி உண்ணும் வைக்கோல் காளான் என்று அதை எண்ணியிருக்க வேண்டும் எனக் கருதப்பட்டது. அப்படி எண்ண இடமும் உண்டு. இளம் பருவத்தில் இரண்டும் முட்டை வடிவில் இருக்கும். வளர்ந்தபின் இரண்டின் தண்டடியிலும் பை போன்ற உறை இருக்கும். ஆனால் வைக்கோல் காளான் மக்கிய வைக்கோலில் வளர்வது. டெத் கேப்போ ஓக் போன்ற மரங்களின் வேரோடு உறவாடி வாழ்வது. ஐரோப்பாவிலிருந்து கொண்டுபோய் நட்ட மரங்களோடு ஆஸ்திரேலியாவுக்குப் போய்ச் சேர்ந்தது. சீனத்துச் சமையலறையில் பழுதில்லாத அறிவு, அந்த ஓக் மரத்தடியில் பொய்த்துப்போனது.

பெங்களூருக்கும் இப்படி ஓர் இரட்டை உண்டு. தமிழ்நாட்டிலும் கர்நாடகத்திலும் ஆசையோடு தேடிப்போகும் புற்றுக்காளான் ஒன்று; தாவரவியலார் அதை டெர்மிட்டோமைசிஸ் என்பார்கள். பூங்காப் புல்வெளிகளில் பெரிய வெள்ளைக் குடையாக விரியும் க்ளோரோஃபில்லம் மோலிப்டைட்டிஸ் மற்றொன்று. இதைத் தின்றால் ஒன்றிரண்டு மணி நேரத்தில் கடும் வாந்தியும் பேதியும் தொடங்கிவிடும். தூரத்தில் இரண்டும் ஒன்றுபோலத் தெரியலாம். குனிந்து மண்ணைக் கிளறினால் வேறுபாடு புலப்படும். புற்றுக்காளானின் தண்டு வேர்போல நீண்டு, கீழே கறையான் வளர்க்கும் பூஞ்சைத் தோட்டம்வரை இறங்கும். புல்வெளிக் காளானின் தண்டு அடியில் சற்றே பருத்து அங்கேயே முடிந்துவிடும். தண்டைச் சுற்றி மேலும் கீழும் நகரும் வளையம் ஒன்றும் இருக்கும். உறுதிசெய்ய, குடையைத் தண்டிலிருந்து பிரித்து, செவுள்கள் கீழே பார்க்கும்படி வெள்ளைத் தாளில் வைத்து, ஒரு கிண்ணத்தால் மூடி இரவு முழுக்க விட வேண்டும். காலையில் தாளில் ஸ்போர் எனும் நுண்தூள் படிந்திருக்கும். புற்றுக்காளானின் தூள் வெளிர் இளஞ்சிவப்பு; மற்றதன் தூள் பச்சை. இளம் பருவத்தில் இரண்டின் செவுளும் வெண்மைதான் என்பதால், மேலோட்டமாகப் பார்த்து நிறத்தை நம்புபவர் ஏமாறுவார்.

இவ்வளவு சிரமம் எதற்கு, வீட்டிலேயே சோதிக்க வழி இருக்கிறதே என்பார்கள் சிலர். வெள்ளிக் கரண்டி கறுத்தால் விஷம், பூச்சி அரித்திருந்தால் நல்லது, மஞ்சளும் புளியும் போட்டு நன்றாக வேகவைத்தால் விஷம் முறியும் என்ற நம்பிக்கைகள் பரவலாக உண்டு. ஒன்றுக்கும் அடிப்படையில்லை. வெள்ளி கறுப்பது கந்தகத்தால். முட்டை பட்டாலும் கறுக்கும். டெத் கேப்பை நத்தைகள் தின்றுவிட்டு நலமாகவே ஊர்கின்றன. அதிலுள்ள அமாடாக்சின் கொதிநீருக்கு அழிவதில்லை. உடல் புரதம் உருவாக்கத் தேவையான ஒரு நொதியை அது முடக்குவதால் ஈரல் செல்கள் மடிகின்றன. உண்டபின் பொதுவாக ஆறு மணி நேரத்துக்கும் மேலாக எந்த அறிகுறியும் தெரியாது. பிறகு வாந்தி, பேதி வந்து, ஒருநாள் தணிந்ததுபோலத் தோன்றும். அந்த நேரத்தில்தான் ஈரல் சிதைந்துகொண்டிருக்கும். அதனால்தான் ருசித்துப் பார்ப்பதும், கொஞ்சம் தின்றுவிட்டுக் காத்திருப்பதும் சோதனையே ஆகாது. சந்தேகம் வந்தால், மிச்சமிருக்கும் காளானை எடுத்துக்கொண்டு உடனே மருத்துவமனைக்குப் போவதே வழி.

தலைமுறை தலைமுறையாகக் காட்டுக் காளான் உண்டு வாழும் மக்கள் இருக்கிறார்களே என்ற வாதத்துக்கு மதிப்புத் தந்தே பதில் சொல்ல வேண்டும். அவர்கள் அறிவு மெய்யானது. குறிப்பிட்ட மாதத்தில், குறிப்பிட்ட புற்றில் முளைக்கும் இன்ன காளான் என்று ஒவ்வொன்றையும் தனித்தனியாக அறிந்த அறிவு அது. எல்லாக் காளானுக்கும் பொருந்தும் விதி அல்ல. பழகிய இடத்திலேயே தவறு நேரும் என்பதை அசாம் காட்டியது. 2022 ஏப்ரலில் அங்கே காட்டுக் காளான் உண்டு 13 பேர் இறந்தார்கள். அவர்களில் பெரும்பாலோர் தேயிலைத் தோட்டக் குடும்பத்தினர். பழகிய மண்ணிலேயே இந்த நிலை என்றால், பழகாத நகரத்தில் எச்சரிக்கை இன்னும் கூட வேண்டாமா? கைப்பேசிச் செயலிகளும் கைகொடுக்காது. ஆஸ்திரேலிய ஆய்வாளர்கள் மூன்று செயலிகளைச் சோதித்து 2023இல் வெளியிட்ட ஆய்வில், சிறந்ததே ஏறக்குறையப் பாதி முறைதான் சரியாகச் சொன்னது. மேலிருந்து எடுத்த ஒரு படத்தில் தண்டின் அடியும் தெரியாது, ஸ்போரின் நிறமும் தெரியாது.

அப்படியானால் காளானைத் திரும்பியே பார்க்க வேண்டாமா? அவசியம் பார்க்க வேண்டும். ஆனால் "சாப்பிடலாமா" என்பது முதல் கேள்வியாக இருக்கக் கூடாது. "இது எதன்மேல், எதனோடு வாழ்கிறது" என்பதே முதல் கேள்வி. அந்தக் கேள்வியால் நகரத்துக்கும் பயனுண்டு. மழைக்காற்றில் மரம் சாய்ந்து உயிர்ப்பலி நேரும் ஊர் இது. சாலையோரக் குல்மொஹர் மரத்தின் தூரில் பழுப்பு நிறத்தில் தட்டுத்தட்டாக, பளபளப்பான மேற்பரப்போடு கானோடெர்மா முளைத்திருந்தால், வேரும் அடிமரமும் உள்ளுக்குள் உளுத்துக்கொண்டிருக்கின்றன என்று பொருள். அதை இனம்காணத் தெரிந்த ஒருவர் மாநகராட்சிக்குச் சொன்னால் ஒரு விபத்தைத் தடுக்கலாம். குடையின் மேலும் கீழும், தோண்டி எடுத்த தண்டடி, பக்கத்து மரம், ஸ்போரின் நிறம், தேதி ஆகியவற்றைப் படத்தோடு குறித்துவைக்கும் பழக்கம் பள்ளிகளிலும் குடியிருப்போர் சங்கங்களிலும் வந்தால், சில மழைக்காலங்களில் பெங்களூருக்கென்று ஒரு காளான் அறிவு சேர்ந்துவிடும். அதைத் துறை வல்லுநர்கள் சரிபார்க்கும்வரை, உண்பதற்குப் பண்ணையில் விளைந்த சிப்பிக்காளானும் மொட்டுக்காளானும் போதும்.