பிழையும் ஓர் ஆசானே

பழனி மலைத்தொடரில், கோடைக்கானலில் 1899ஆம் ஆண்டு நிறுவப்பெற்ற சூரிய ஆய்வகம், நூறாண்டுகளுக்கும் மேலாகக் கதிரவனைப் படம்பிடித்து வருகிறது. கதிரவனின் கரும்புள்ளிகளில் வாயு வெளிநோக்கிப் பாய்வதை எவர்ஷெட் என்னும் அறிஞர் 1909இல் கண்டறிந்தது அங்கேதான். பழைய படங்கள் இன்று கணினியில் ஏற்றப்பெற்றுள்ளன. இத்தகைய தரவுகளை ஆராய உதவும் கணினிமொழிகளுள் ஒன்று, 1991இல் வெளிவந்த பைத்தான்.

இம்மொழி பயிலும் மாணவர் ஒருவர், கரும்புள்ளிகளின் எண்ணிக்கையைக் கோப்பின் வரியிலிருந்து பிரித்தெடுத்துக் கூட்டுவதாகக் கொள்வோம். 12உம் 7உம் சேர்ந்தால் 19 வரவேண்டும், வருவதோ 127! கணினி அவற்றை எண்களாகக் கொள்ளாமல் எழுத்துகளாகக் கொண்டு ஒட்டிவிட்டது. ‘இன்ட்’ என்னும் கட்டளையால் எண்ணாக மாற்றினால் குறை தீரும்.

வரித்தொடக்க இடைவெளி பிறழ்ந்தாலோ, பட்டியலின் எல்லையைத் தாண்டினாலோ கணினி பிழைச்செய்தி தரும். அதன் இறுதி வரியை முதலில் படித்தல் வேண்டும். பிழையின் வகை அங்கிருக்கும். பிழை நேர்ந்த வரியின் எண் அதற்கு மேலே இருக்கும். ஆனால் 127 போன்ற பிழை வாய் திறவாது. எனவே, விடை தெரிந்த சிறு கணக்கைக் கொண்டு முதலில் சோதித்தல் நலம்.

அப்பாலும் விளங்காவிடில் ஆசிரியரை நாடுக. “ஓடவில்லை” என்று மட்டும் கூறுவது, மருத்துவரிடம் “நோய்” என்று மட்டும் கூறுவதை ஒக்கும். எழுதிய நிரல், முழுப் பிழைச்செய்தி, எதிர்பார்த்த விடை, கிடைத்த விடை ஆகிய நான்கையும் காட்டுக.

‘அல்காரிதம்’ என்னும் சொல்லே 9ஆம் நூற்றாண்டின் இஸ்லாமியப் பேரறிஞர் அல்குவாரிஸ்மியின் பெயரில் பிறந்தது. அம்மரபில் வந்த நமக்கு ஐயம் வினவுதல் இழுக்கன்று. வினவ நாணித் தவறான விடையைச் சரியென நம்பி அமைவதே இழுக்கு.