திருடன் வராமலே அலறும் மணி!

நள்ளிரவு. வீட்டின் அபாய மணி அலறுகிறது. ஓடிப் பார்த்தால், கதவு பூட்டியபடியே இருக்கிறது! நான்கு இரவு இப்படிக் கத்தினால், வீட்டார் மணியையே நிறுத்திவிடுகிறார்கள். திருடனுக்கு வேண்டியதும் அதுதானே!

கோளாறு பெரும்பாலும் சிறியதே. கதவில் ஒரு காந்தம். நிலைச்சட்டத்தில் கம்பியில்லாக் கருவி. அதனுள் இருப்பது 'ரீட் ஸ்விட்ச்'. காந்தம் விலகினால் மணிப்பெட்டிக்குச் செய்தி பறக்கும். மழையில் மரம் உப்பினாலும், கீல் தளர்ந்தாலும் இடைவெளி கூடிவிடும். மூடிய கதவும் திறந்ததாகவே படும்.

முதலில் பாட்டரியை மாற்றுங்கள். பிறகு காந்தத்தைக் கழற்றி, கருவியின் அருகே கையால் பிடியுங்கள். 'மூடியது' என்று காட்டினால், காந்தத்தை நெருக்கிப் பொருத்துங்கள். காட்டாவிட்டால், கருவியை மணிப்பெட்டியருகே கொண்டுபோய்ப் பாருங்கள். அங்கே ஒழுங்காக வேலை செய்தால், குற்றவாளி தூரமோ, நடுவே நிற்கும் இரும்பு பீரோவோதான்!