சாவா மூவாப் பேராடு: கோயில் விளக்குக் கொடையின் பொருளியல்

திருவண்ணாமலை அருணாசலேசுவரர் கோயிலுக்குச் சோழர் காலத்தில் வழங்கப்பட்ட நந்தா விளக்குக் கொடைகள், முதலாளியத்திற்கு முற்பட்டதொரு பொருளியல் முறையை உணர்த்துகின்றன. சோழநாட்டு வழக்கில் ஒரு விளக்கிற்குப் பொதுவாக 96 ஆடுகள் விடப்பட்டன. அவற்றை ஏற்ற மன்றாடிகள் நாள்தோறும் ஓர் உழக்கு நெய் அளத்தல் வேண்டும். இறந்தவற்றிற்கு ஈடாகக் குட்டிகளைச் சேர்த்து எண்ணிக்கை குன்றாது காக்கவேண்டியிருந்தமையால், அவ்வாடுகள் ‘சாவா மூவாப் பேராடு’ எனப்பட்டன.

முதலாளியத்தில் முதல் பெருகுதலே குறிக்கோள். இங்கோ அது குன்றாதிருத்தலே குறிக்கோள். விளக்கு எரிதலே அதன் பயன். அப்பயனுக்கு மேற்பட்ட பெருக்கத்தைக் கொடை வேண்டுவதில்லை.

ஆயினும் இதனைச் சமத்துவப் பொருளியலெனக் கொள்ளுதல் பொருந்தாது. மந்தை குறைந்தாலும் அளக்கவேண்டிய நெய் குறைவதில்லை. ‘சாவா’ என்னும் சொல்லே இழப்பை மன்றாடிமேல் சுமத்துகிறது. எனவே மாற்றுப் பொருளியலை ஆராய்வோர், எது நிலைபெற்றது என்பதோடு, அந்நிலைபேற்றின் சுமையை யார் தாங்கினர் என்பதையும் வினவுதல் வேண்டும்.