வீட்டுக் கணிப்பொறியில் இணையம் தடைப்படும்பொழுது

மாணவரின் உதவித்தொகை விண்ணப்பம், ரெயில் பயணச் சீட்டு, மின்கட்டணம், வருமான வரிக் கணக்கு, ஓய்வூதியர் ஆண்டுதோறும் அளிக்கும் உயிர்வாழ்வுச் சான்று ஆகிய யாவும் இன்று இணையத்தின் வழியே நடைபெறுகின்றன. 1995ஆம் ஆண்டு ஆகஸ்டு 15ஆம் நாள் இந்தியாவில் பொதுமக்களுக்கென இணையச் சேவை தொடங்கப்பெற்றபொழுது, அது ஒரு சிலருக்கே உரிய வசதியாக இருந்தது. இன்றோ, விண்ணப்பத்தின் கடைசி நாள் மாலையில் வீட்டுக் கணிப்பொறி "இப்பக்கத்தை அடைய இயலவில்லை" என்று அறிவித்து நின்றுவிடுமாயின், ஒரு மாணவரின் ஓராண்டுப் படிப்பே தடைப்படக்கூடும்.

இத்தகைய வேளையில் பலர் கண்ணில் பட்ட அமைப்புகளையெல்லாம் மாற்றிப் பார்க்கின்றனர். அதனால் பயன் விளையாதபொழுது, கணிப்பொறியைப் பழுது பார்க்கும் கடைக்கு எடுத்துச் செல்கின்றனர். அங்கே வட்டு முழுவதையும் அழித்துவிட்டு விண்டோஸைப் புதிதாகப் பதித்துத் தருவதும் உண்டு. குடும்பத்தின் புகைப்படங்களும், பல ஆண்டுக் கணக்குகளும் அதனோடு மறைந்து போகின்றன. வீடு திரும்பிய பின்னரும் இணையம் வருவதில்லை. ஏனெனில் பழுது தெருமுனைக் கம்பத்தில் இருந்திருக்கும். இணையம் வராமைக்கு வட்டை அழிப்பது மருந்தாகும் சந்தர்ப்பங்கள் மிக அரியவை.

உலாவியில் ஓர் இணையத்தளத்தின் பெயரைத் தட்டியது முதல் அப்பக்கம் திரையில் விரிவது வரை, வேண்டுகோள் பல கைகள் மாறிச் செல்கிறது. கணிப்பொறியிலிருந்து வைஃபை அலையாகவோ கம்பியின் வழியாகவோ ரூட்டருக்கும், ரூட்டரிலிருந்து கண்ணாடி இழை அல்லது செப்புக் கம்பியின் வழியாகச் சேவை நிறுவனத்தின் நிலையத்திற்கும், அங்கிருந்து நகரங்களையும் கடல்களையும் கடந்து அத்தளம் தங்கியிருக்கும் சர்வருக்கும் அது சென்று சேர்கிறது. விடையும் அவ்வாறே திரும்பி வருகிறது. இச்சங்கிலியின் எக்கண்ணி அறுந்தாலும் உலாவி காட்டும் செய்தி ஏறத்தாழ ஒன்றே. ஆகவே பழுதை நீக்க முற்படுமுன், அறுந்த கண்ணி யாது என்று அறிதல் வேண்டும். அருகிலுள்ள கண்ணியில் தொடங்கி வெளியே செல்வதும், ஒரு வேளையில் ஒன்றை மட்டுமே மாற்றி, விளைவைக் கண்ட பின்னரே அடுத்ததைத் தொடுவதும் இதற்குரிய முறை. நான்கு அமைப்புகளை ஒருங்கே மாற்றியவர், இணையம் திரும்பினாலும் எது அதனைத் திருப்பியது என்று அறியார். திரும்பாவிடில், பழைய பழுதோடு புதிய பழுதுகளும் சேர்ந்திருக்கும்.

இரண்டு வினாக்கள்

எதையும் தொடுவதற்கு முன் இரண்டு வினாக்களுக்கு விடை காண வேண்டும். தடைப்பட்டது ஒரே தளமா, அன்றி எல்லாத் தளங்களுமா? இணையம் வராதது ஒரே கருவியிலா, அன்றி வீட்டிலுள்ள எல்லாக் கருவிகளிலுமா?

ஒரு தளம் மட்டும் திறக்கவில்லையெனில், பழுது பெரும்பாலும் அத்தளத்தினுடையதே. 2021ஆம் ஆண்டு அக்டோபர் 4ஆம் நாள் இரவு 9 மணிக்குப் பின், இந்தியா உட்பட உலகெங்கும் பேஸ்புக், வாட்ஸ்ஆப், இன்ஸ்டாகிராம் ஆகியவை ஏறத்தாழ 6 மணி நேரம் செயலற்றுப் போயின. அந்நிறுவனத்தின் உள்வலையில் பராமரிப்பின்பொழுது இடப்பெற்ற ஒரு கட்டளை அதற்குக் காரணமாயிற்று. அன்றிரவு வீட்டு ரூட்டரை எத்தனை முறை அணைத்து ஏற்றினும் பயன் இருந்திராது.

இரண்டாவது வினாவிற்கு விடை காண, கைப்பேசியை அதே வைஃபையில் இணைத்துப் பார்த்தல் எளிய வழி. ஆனால் இங்கே ஓர் எச்சரிக்கை தேவை. வைஃபையில் இணையம் இல்லையெனக் கண்டால், பல கைப்பேசிகள் ஓசையின்றித் தம் சிம் கார்டின் வழியே இணையத்தைப் பெற்றுக் கொள்கின்றன. அதைக் கண்டு, "கைப்பேசியில் வருகிறது, எனவே கணிப்பொறியே கெட்டது" என்று முடிவு செய்தல் பெருந்தவறு. மொபைல் டேட்டாவை நிறுத்திய பின்னரே சோதனை செய்தல் வேண்டும். அந்நிலையிலும் கைப்பேசியில் இணையம் வருமாயின், பழுது கணிப்பொறியில் உள்ளது. வராவிடில், ரூட்டரிலோ அதற்கு அப்பாலோ உள்ளது.

ரூட்டரின் விளக்குகள்

ரூட்டரின் முகப்பில் ஒளிரும் சிறு விளக்குகளைப் பலர் அலங்காரமெனக் கருதி விட்டுவிடுகின்றனர். உண்மையில் வீட்டிலுள்ள சோதனைக் கருவிகளுள் அவையே தலைசிறந்தவை. கண்ணாடி இழை இணைப்புள்ள வீடுகளில், பி.ஓ.என். என்று குறிக்கப்பெற்ற விளக்கு நிலையாகப் பச்சை நிறத்தில் எரிந்தால், நிலையத்திலிருந்து ஒளி ஒழுங்காக வந்து சேர்கிறது என்பது பொருள். எல்.ஓ.எஸ். என்னும் விளக்கு சிவப்பாக எரிந்தாலோ மின்னினாலோ, ஒளி வந்து சேரவில்லை.

முடியளவே பருமனுள்ள இவ்விழையில், ஒளி பக்கங்களில் கசியாது உட்புறமே பிரதிபலித்துச் செல்கிறது. இழை கூர்மையாக மடிக்கப்பெற்றால் மடிந்த இடத்தில் ஒளி வெளியே கசிந்துவிடும். பீரோவைச் சுவரோடு நெருக்கி வைப்பதும், கம்பியைக் கதவிடுக்கில் நசுக்குவதும், ஆணியில் இறுகச் சுற்றுவதும் இதனாலேயே இணைப்பைக் கெடுக்கின்றன. எலியும் அணிலும் இழையைக் கடித்துவிடுவதும் உண்டு. பொதுவாக நிலையத்திலிருந்து வீட்டிற்கு 1490 நானோமீட்டர் அலைநீளத்திலும், வீட்டிலிருந்து நிலையத்திற்கு 1310 நானோமீட்டர் அலைநீளத்திலும் ஒளி செல்கிறது. இவ்விரண்டும் கண்ணுக்குப் புலப்படாதவை. ஆதலின், ஒளி வருகிறதா என்று அறிய இழையின் முனையைக் கண்ணருகே பிடித்து நோக்குதல் ஆகாது.

சிவப்பு விளக்கைக் கண்டவர், முனை சரியாகச் செருகப்பெற்றுள்ளதா, இழை எங்கேனும் மடிந்துள்ளதா என்று பார்ப்பதோடு நிறுத்திக்கொண்டு, நிறுவனத்திற்குத் தெரிவித்தல் நன்று. "நெட் வரவில்லை" என்பதற்குப் பதிலாக "எல்.ஓ.எஸ். விளக்கு சிவப்பாக எரிகிறது" என்று கூறினால், வரும் லைன்மேன் இழையை ஒட்டும் கருவியோடு வருவார், ஒரு நாள் மிச்சமாகும்.

மின்வெட்டிலும் ஒரு நுட்பம் உண்டு. நிலையத்திற்கும் வீட்டிற்கும் இடையே ஒளியைப் பிரித்துத் தரும் பெட்டிகள் மின்சாரமின்றியே இயங்குவன. எனவே தெருவில் மின்சாரம் இல்லாதபொழுதும், ரூட்டருக்கு மட்டும் பேட்டரி அளித்தால் இணையம் வரும். ஆனால் கேபிள் நடத்துவோர் சிலர் மொட்டை மாடியில் வைத்துள்ள சுவிட்ச்களிலிருந்து செப்புக் கம்பியில் இணைப்பு அளிக்கின்றனர். அந்த மாடியில் மின்சாரம் நின்றால், அடுத்த தெருவில் விளக்கு எரிந்தாலும் அவ்வீட்டில் இணையம் நின்றுவிடும்.

ரூட்டரை அணைத்து, அரை நிமிடம் கழித்து ஏற்றுதல் பழைய வைத்தியமாயினும் காரணமுள்ள வைத்தியமே. அதன் நினைவகத்தில் சேர்ந்த குழப்பம் அழிந்து, நிலையத்தோடு புதிதாகத் தொடர்பு ஏற்படுகிறது. ஆயின் ரூட்டரின் பின்புறம் ஊசி நுழையுமளவு சிறு துளைக்குள் உள்ள ரீசெட் பொத்தான் வேறு. அதை அழுத்திப் பிடித்தால், நிறுவனம் பதித்து வைத்த பயனர் பெயரும் கடவுச்சொல்லும் அழிந்துபோகும். அதன் பின் நல்ல இழையிலும் இணையம் வாராது. இப்பொத்தானால் விளைந்த பழுதுகள், அதனால் தீர்ந்த பழுதுகளிலும் மிகுதி எனலாம்.

விளக்குகள் ஒழுங்காக எரிந்து, ஒரு கணிப்பொறியில் மட்டும் தடை இருக்குமாயின், வைஃபையை ஐயுறுதல் வேண்டும். 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைகளைப் பயன்படுத்தும் வைஃபைக்கு, 2.45 கிகாஹெர்ட்ஸில் இயங்கும் மைக்ரோவேவ் அடுப்பு இடையூறு செய்யும். இரும்புப் பீரோவும் தண்ணீர்த் தொட்டியும் அலைகளைத் தடுக்கும். ரூட்டரிலிருந்து ஒரு கம்பியைக் கணிப்பொறியில் நேரே செருகி, இணையம் வருகிறதா என்று பார்த்தால் ஐயம் தீரும்.

எண்ணும் பெயரும்

வீட்டிலுள்ள ஒவ்வொரு கருவிக்கும் ரூட்டர் ஓர் எண்முகவரி அளிக்கிறது. அது பெரும்பாலும் 192.168 என்று தொடங்கும். வலையமைப்பு விவரங்களில் 169.254 என்று தொடங்கும் முகவரி காணப்படின், ரூட்டரிடமிருந்து விடை கிடைக்காமையால் கணிப்பொறி தானே ஒரு முகவரியைப் புனைந்து கொண்டது என்பது பொருள். அப்பொழுது பழுது கணிப்பொறிக்கும் ரூட்டருக்கும் இடையிலேயே உள்ளது. அதற்கப்பால் தேட வேண்டியதில்லை.

முகவரி சரியாயிருப்பின் 'பிங்' என்னும் சோதனை உதவும். 1983ஆம் ஆண்டு டிசம்பரில் அமெரிக்க இராணுவத்தின் ஆய்வுக்கூடத்தில் பணிபுரிந்த மைக் மூஸ் என்பவர் இதனை எழுதினார். நீர்மூழ்கிக் கப்பல்களைக் கண்டறியும் சோனார் கருவியின் ஒலியே அதன் பெயராயிற்று. விண்டோஸ் கணிப்பொறியின் தேடற் பட்டியில் சி.எம்.டி. என்னும் மூன்று ஆங்கில எழுத்துகளைத் தட்டினால் கட்டளைத் திரை தோன்றும். அதில் பிங் என்று ஆங்கிலத்தில் தட்டி, இடம்விட்டு, முதலில் ரூட்டரின் எண்ணையும், பின்னர் 8.8.8.8 என்னும் எண்ணையும், இறுதியாக ஒரு தளத்தின் பெயரையும் இட்டுப் பார்த்தல் வேண்டும். ரூட்டர் விடையளித்து 8.8.8.8 விடையளிக்காவிடில், தடை வீட்டிற்கு வெளியே இருத்தல் கூடும். எண் விடையளித்து, பெயர் அடையாளம் காணப்படவில்லையெனில், பாதை திறந்தே இருக்கிறது. பெயரை எண்ணாக மாற்றும் ஏற்பாடே கெட்டுள்ளது. பெயருக்குரிய எண் திரையில் தோன்றிய பின் விடை வாராமை பழுதாகாது. பிங்கிற்கு விடையளிக்கலாகாது என்று சில தளங்கள் ஏற்பாடு செய்துள்ளன.

கணிப்பொறிகள் பெயரை அறியா; எண்ணையே அறியும். தொடக்க காலத்தில் எல்லாப் பெயர்களும் எண்களும் ஒரே பட்டியலில் எழுதப்பெற்று, கலிபோர்னியாவிலுள்ள ஓர் ஆராய்ச்சி நிலையத்தில் பேணப்பெற்றன. பட்டியல் பெருகிக் கையாள இயலாது போகவே, 1983இல் பால் மொக்காபெட்ரிஸ் வகுத்த டி.என்.எஸ். என்னும் முறை வந்தது. பெயரைத் தந்தால் எண்ணைத் தரும் சர்வர்கள் உலகெங்கும் நிறுவப்பெற்றன. அத்தகைய சர்வர் ஒன்றின் எண் ஒவ்வொரு கணிப்பொறியிலோ ரூட்டரிலோ குறிக்கப்பெற்றிருக்கும்.

இக்குறிப்பு தவறினால் நேர்வது யாது என்பதற்கு உண்மை நிகழ்ச்சி ஒன்று உண்டு. 'டி.என்.எஸ். சேஞ்சர்' என்னும் தீய நிரல், 100க்கு மேற்பட்ட நாடுகளில் ஏறத்தாழ 40 லட்சம் கணிப்பொறிகளில் புகுந்து, அக்குறிப்பை மாற்றி, மோசடிக்காரர்களின் சர்வர்களை நாடச் செய்தது. 2011 நவம்பரில் அமெரிக்கப் புலனாய்வுத் துறை அச்சர்வர்களைக் கைப்பற்றியது. உடனே நிறுத்தினால் இலட்சக்கணக்கானோர் இணையத்தை இழப்பர் என்பதால், அவற்றின் இடத்தில் நல்ல சர்வர்கள் தற்காலிகமாக வைக்கப்பெற்றன. 2012 ஜூலை 9ஆம் நாள் அவையும் நிறுத்தப்பெற்றன. அன்று வரை குறிப்பைத் திருத்தாதவரின் கணிப்பொறியில், கம்பியும் விளக்கும் முகவரியும் ஒழுங்காயிருந்தும், ஒரு பெயரும் எண்ணாக மாறவில்லை.

டி.என்.எஸ். குறிப்பைத் தானியங்கி நிலையில் வைத்தலோ, 8.8.8.8 அல்லது 1.1.1.1 போன்ற பொதுச் சர்வரின் எண்ணை இடுதலோ இப்பழுதிற்குப் பரிகாரம். யாரும் மாற்றாதிருக்க அக்குறிப்பு தானே மாறியிருக்குமாயின், கணிப்பொறியை வைரஸ் சோதனைக்கு உட்படுத்தி, ரூட்டரின் நிர்வாகக் கடவுச்சொல்லையும் மாற்றுதல் வேண்டும்.

கடிகாரம்

பழைய கணிப்பொறிகளில் காணும் ஒரு விசித்திரப் பழுதையும் இங்கே குறிப்பிடுதல் தகும். எத்தளத்தைத் திறந்தாலும் "இணைப்பு பாதுகாப்பானதன்று" என்று உலாவி எச்சரிக்கும். காரணம் கடிகாரம். மின்சாரம் இல்லாதபொழுதும் நேரத்தைக் காத்துவர, உள்ளே நாணயம் போன்ற 3 வோல்ட் பேட்டரி ஒன்று உள்ளது. அது தீர்ந்தால் தேதி பல ஆண்டுகள் பின்னே சென்றுவிடும். தளங்கள் காட்டும் பாதுகாப்புச் சான்றிதழ்களுக்குத் தொடக்க நாளும் முடிவு நாளும் உண்டு. கணிப்பொறியின் கணக்கில் அத்தொடக்க நாளே இன்னும் வந்திராது. திரையின் மூலையிலுள்ள தேதியைத் திருத்தினால் தளங்கள் திறக்கும். அணைத்து ஏற்றும்தோறும் தேதி தவறுமாயின் பேட்டரியை மாற்ற வேண்டும். அதன் விலை அற்பமே.

தேதி சரியாயிருந்தும் எச்சரிக்கை தோன்றுமாயின், இயக்க முறைமை மிகப் பழையதாயிருக்கலாம். 2021 செப்டம்பர் 30இல் பல தளங்கள் சார்ந்திருந்த ஒரு மூலச் சான்றிதழ் காலாவதியானபொழுது, புதுப்பிக்கப்பெறாத பழைய கருவிகள் பல தளங்களைத் திறக்க இயலாது தவித்தன. எக்காரணத்தாலாயினும், வங்கியின் பக்கத்தில் இவ்வெச்சரிக்கையை மீறி உள்ளே செல்லுதல் ஆகாது.

மாதக் கட்டணம் செலுத்தாமையால் இணைப்பு நின்றாலும் விளக்குகள் பச்சையாகவே எரிவதுண்டு. அலுவலகத்தில் பயன்பட்ட மடிக்கணிப்பொறியில் அவ்வலுவலகத்தின் பிராக்ஸி அமைப்பு நீக்கப்படாதிருந்தால், வீட்டில் உலாவி இயங்காது. 2008 ஜனவரி 30ஆம் நாள் எகிப்தின் அலெக்சாந்திரியா அருகே கடலடிக் கேபிள்கள் அறுந்து இந்தியாவில் இணையம் தளர்ந்ததைப் போன்ற வேளைகளில், வீட்டிலிருப்போர் காத்திருப்பதன்றிச் செய்யத்தக்கது ஏதுமில்லை.

உதவி தேடும் அவசரத்தில் நேரும் ஓர் இழப்பு, விண்ணப்பம் தவறுவதினும் பெரிது. கைப்பேசியில் தேடிக் கிடைத்த 'வாடிக்கையாளர் சேவை' எண்கள் யாவும் மெய்யானவை அல்ல. மறுமுனையில் பேசுபவர், திரையைத் தொலைவிலிருந்து காண உதவும் செயலியை நிறுவச் சொல்லி, சிறு தொகை ஒன்றைச் செலுத்துமாறு கேட்டு, அவ்வழியே வங்கிக் கணக்கை வெறுமையாக்கும் மோசடி பரவலாக நிகழ்கிறது. பணம் போயிற்றென அறிந்தவுடன் 1930 என்னும் தேசிய உதவி எண்ணில் தெரிவித்தல் வேண்டும். விரைவில் தெரிவித்தால் தொகையை இடையிலேயே நிறுத்தி வைக்க வாய்ப்புண்டு.

சேவை நிறுவனத்தின் எண்ணை மாதக் கட்டண இரசீதிலிருந்து எடுத்துக்கொள்வதே முறை. அவ்வெண்ணையும், வாடிக்கையாளர் எண்ணையும், ரூட்டரின் எண்முகவரியையும், இணைப்பிற்குரிய பயனர் பெயரையும் இணையம் ஒழுங்காக இயங்கும் நாளிலேயே ஒரு தாளில் எழுதி வைத்தல் நன்று. பலர் இவற்றை மின்னஞ்சலில் சேமித்து வைக்கின்றனர். தேவைப்படும் நாளில் அம்மின்னஞ்சல் திறக்காது.